மேற்பார்வைக்குப் போகும்போது நோட்டைக் கேட்காதீர்கள்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறையின் இயக்குநர், மாவட்டத் திட்ட அலுவலர்கள், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்கள், மேற்பார்வையாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

அங்கன்வாடிக்கு மேற்பார்வைக்கு வருகிறவர் எடை, முட்டைக் கணக்கு, சத்துமாவு இருப்பு எல்லாம் பார்த்து முடித்து, கிளம்பும் நேரத்தில் முன்பருவக் கல்விக்கென்று ஒரு கேள்வி கேட்பார்: "எந்த எழுத்து வரைக்கும் வந்திருக்கு டீச்சர்? நோட்டைக் காட்டுங்க." இந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எதைக் கேட்கிறீர்களோ அதுதான் மையத்தில் நடக்கும். நோட்டைக் கேட்டால் மூன்றரை வயதுப் பிள்ளையின் கையில் பென்சில் ஏறும். பக்கம் நிறைய 'அ' வரும், பாதி டீச்சர் கைபிடித்துப் போட்டதாக இருக்கும். அதை வாசிக்கச் சொல்லுங்கள், பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும்.

துறை நடத்தும் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 முதல் நடக்கிறது. 247 எழுத்தையும் கற்றுத்தர அங்கே மூன்று வருடம் இருக்கிறது. அங்கன்வாடியில் செய்யவேண்டிய வேலை வேறு, அதற்கு வாயும் காதும் போதும்.

முதலில் புத்தகம். ஒரு வாரத்துக்கு ஒரே புத்தகம். பக்கத்துக்கு ஓரிரு வரி, மொத்தம் எட்டிலிருந்து பதினாறு பக்கம். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் ஆறேழு பேரை மட்டும் அரைவட்டமாகப் பாயில் உட்கார வையுங்கள். இருபது பேரை உட்கார வைத்தால் பின்வரிசைக்குப் படம் தெரியாது, தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். முதல் நாள் அட்டைப்படத்தைப் பற்றிப் பேசிவிட்டு, நடுவில் நிறுத்தாமல் வாசித்து முடிக்கலாம். இரண்டாம் நாள், திரும்பத் திரும்ப வரும் வரியில் பாதியில் நிறுத்தினால் மீதியைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். மூன்றாம் நாள் புதுச் சொல் மூன்று போதும், அதற்கு மேல் வேண்டாம். நான்காம் நாள் புத்தகம் பிள்ளையின் மடியில் இருக்கட்டும், கதையை அது சொல்லட்டும். ஐந்தாம் நாள் நடித்துக் காட்டலாம். ஒரே கதையா, சலிக்காதா என்று பெரியவர்களுக்குத்தான் தோன்றும்.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். "இது நாய்தானே?" என்றால் "ஆமா" என்பதோடு பேச்சு முடிந்தது. "இது என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்து நொடி மௌனம் டீச்சருக்குத் தாங்காது, அவரே பதிலைச் சொல்லிவிடுவார். காத்திருந்தால் "நாய்" என்று ஒரு சொல் வரும். "ஆமா, கறுப்பு நாய் வாலை ஆட்டுது" என்று அதை நீட்டிச் சொல்லி, பிள்ளையையும் ஒருமுறை சொல்ல வையுங்கள். 1988-இல் அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு இதே முறையைப் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் குழந்தைகளின் பேச்சில் வித்தியாசம் தெரிந்தது. தனிக் கருவியோ செலவோ இதற்கு வேண்டியதில்லை.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. புத்தகத்தில் "மழை வந்துவிட்டது" என்றிருக்கும், பிள்ளை "மழ வந்துருச்சு" என்று பேசும். பல டீச்சர்கள் அச்சில் இருப்பதை ஒதுக்கிவிட்டு, தம் பேச்சிலேயே கதையைச் சொல்லிவிடுகிறார்கள். கதை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எழுத்துத்தமிழைப் பிள்ளை முதன்முதலாகக் கேட்பது ஒன்றாம் வகுப்பில் என்றாகிவிடுகிறது. வரியை அச்சில் உள்ளபடி வாசித்துவிட்டு, அதைப் பற்றிய பேச்சைப் பேச்சுத்தமிழில் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை "வந்துருச்சு" என்று பதில் சொன்னால் திருத்தக் கூடாது.

அடுத்தது ஒலி விளையாட்டு. சொல்லை அசை அசையாகப் பிரித்துக் கைதட்டுவது எல்லாப் பயிற்சியிலும் சொல்லித்தரப்படுகிறது, பாதி இடத்தில் தப்பாக நடக்கிறது. கத்-தி-ரிக்-காய் என்று நான்கு தட்டு தட்ட வேண்டும். எழுத்தெண்ணிப் பழகிய நமக்கோ க-த்-தி-ரி-க்-கா-ய் என்று ஏழு தட்டத் தோன்றுகிறது. புள்ளி வைத்த எழுத்தைத் தனியாகத் தட்டச் சொன்னால் பிள்ளை குழம்பும், ஏனென்றால் அதன் காதில் 'த்' தனியாக விழுவதில்லை. இட்-லி, முட்-டை என்று இரண்டு தட்டில் தொடங்கி, தக்-கா-ளிக்கு வாருங்கள். அன்றைய சாம்பாரில் என்ன காய் கிடக்கிறதோ அதுவே பாடம். இது பழகிய பிறகு முதல் ஒலியை மாற்றி விளையாடலாம்: தலை, மலை, வலை. நான்கரை வயதுக்கு மேல்தான் இது பிடிபடும், அதற்கு முன்னால் இழுக்க வேண்டாம்.

சுவர் அட்டைக்கு வருவோம். 'இ'-க்கு இலை, 'உ'-க்கு உரல் என்று காலம் காலமாக அச்சாகிறது. பிள்ளை வீட்டில் கேட்பது என்ன? "எல", "ஒரல்". பேச்சில் இப்படிச் சில சொற்களின் தொடக்கத்து இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் மாறிவிடுகிறது. இடம் "எடம்" ஆகிறது, உடம்பு "ஒடம்பு" ஆகிறது. 'இ'யைக் காட்டி இலைப் படத்தை வைத்தால், பிள்ளை தன் காதை நம்பி "எ" என்கிறது. அதைத் தப்பு என்கிறோம். 'இ'-க்கு இட்லியும் 'உ'-க்கு உப்பும் போட்டால் இந்தத் தகராறே வராது. உரலைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு உப்பாவது தெரியும். அட்டையை மாட்டும் உயரமும் கணக்கில் வரவேண்டும். வந்துபோகிற அதிகாரிகளின் கண்ணுக்கு நேராக ஐந்தடியில் தொங்குவதை, தரையிலிருந்து இரண்டு, மூன்று அடிக்கு இறக்கினால்தான் பிள்ளை விரல் வைத்துப் பார்க்கும்.

பிள்ளைக்கு முதல் எழுத்து 'அ'-வாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. தன் பெயரின் முதல் எழுத்துதான் அதற்கு முதலில் ஒட்டும். கெட்டி அட்டையில் பெயரைப் பெரிதாக எழுதி, ஓரத்தில் ஒரு படம் வரைந்து, காலையில் வந்ததும் பிள்ளையே எடுத்துக் கயிற்றில் மாட்டட்டும். அதுவே வருகைப்பதிவு. மூன்று மாதம் கழித்துப் படத்தை மறைத்துவிட்டால் எழுத்தைப் பார்த்தே எடுக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பதிவேட்டைத் திறந்தால் ஜனனி, ஹரிஷ், ஸ்ரீநிதி. சுவரில் இருக்கும் உயிரெழுத்து வரிசையிலும் மெய்யெழுத்து வரிசையிலும் இவர்களின் எழுத்து இல்லை! கிரந்த எழுத்து கூடுமா கூடாதா என்கிற வழக்கைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஜனனியின் அட்டையில் 'ஜ' இருக்க வேண்டும்.

எழுதுவதற்கு அவசரமே இல்லை. மாவு பிசைவது, மணி கோர்ப்பது, தவிட்டில் விரலால் கோடு இழுப்பது, இதெல்லாம்தான் நான்கு வயதுக்கான எழுத்து வேலை. பென்சில் பிடிக்கும் விரலுக்கு வலு வரும் முன்னால் நோட்டைக் கொடுத்தால் முஷ்டி போட்டு அழுத்திப் பிடிக்கும் பழக்கம் வந்துவிடும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

இவ்வளவுக்கும் புத்தகம் வெளியே இருக்க வேண்டும். பல மையங்களில் அது பீரோவுக்குள் இருக்கிறது. டீச்சரைக் குறை சொல்ல முடியாது. பத்துப் புத்தகம் வந்ததாக இருப்புப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது, தணிக்கையில் பத்தும் இருந்தாக வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை தொட்டால் புத்தகம் கிழியும். கிழிந்ததற்கு யார் பதில் சொல்வது? பூட்டிவைத்தால் பிரச்சினை இல்லை. ஆகவே எழுத்துப்பூர்வமாக ஒரு சுற்றறிக்கை கொடுங்கள்: படப்புத்தகம் சோப்பு, துடைப்பம் போலத் தேயும் பொருள், ஆண்டுக்கு ஒருமுறை கிழிந்ததைக் கழித்துக்கொள்ளலாம் என்று. வாய்வார்த்தையாகச் சொன்னால் யாரும் பூட்டைத் திறக்க மாட்டார்கள். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படி வைத்திருக்கிறது. அதற்கும் முன்னால் 'தவழ்' என்று ஒரு படியைச் சேர்த்து, அந்தப் புத்தகங்களை அங்கன்வாடிக்கு அனுப்பச் சொல்லி இரண்டு துறையும் உட்கார்ந்து பேசலாம்.

நேரமும் வேண்டும். காலையில் ஆயாம்மா அடுப்படியில் இருக்க, இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை எல்லாரும் ஒரே டீச்சரிடம்தான். சிறு குழுவாக உட்கார வைப்பது அப்போது நடக்காது. மதியச் சாப்பாடு முடிந்து சின்னதுகள் தூங்கும் நேரம்தான் சரியான நேரம். பெரிய பிள்ளைகள் எப்படியும் தூங்காமல் உருண்டுகொண்டுதான் இருப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில்தான் டீச்சர் கைபேசியில் போஷன் டிராக்கர் என்ற ஊட்டச்சத்துப் பதிவுச் செயலியை நிரப்புகிறார், வாட்ஸ்அப் குழுவில் கேட்ட புகைப்படத்தை அனுப்புகிறார். அதில் இருபது நிமிடத்துக்கு எந்தப் பதிவும் புகைப்படமும் கேட்கக் கூடாது என்று வட்டார அளவில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

"நோட்டுல ஒண்ணுமே இல்லையே, நர்சரில பாருங்க" என்று அம்மாக்கள் கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள். மாதாந்திர முன்பருவக் கல்வி தினத்தில் பேச்சு வேண்டாம். பிள்ளையை அம்மா மடியில் உட்கார வைத்து, அந்த வாரக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.

இனி மேற்பார்வைக்குப் போகும்போது நோட்டுக்குப் பதிலாக மூன்றைப் பாருங்கள். புத்தகத்தின் ஓரம் அழுக்காக, மடங்கியிருக்கிறதா? ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றிடம் புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தால் திருப்பிப் பிடிக்கிறதா, எங்கிருந்து வாசிக்க வேண்டும் என்று விரல் வைக்கிறதா? கயிற்றில் தன் பெயர் அட்டையைக் கண்டுபிடிக்கிறதா? பத்து நிமிட வேலைதான். இந்த மூன்றும் ஆய்வுப் படிவத்தில் அச்சாகி வரட்டும், 'கற்ற எழுத்துகளின் எண்ணிக்கை' என்று எங்காவது கட்டம் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்பருவக் கல்விப் பயிற்சியில் இருக்கும் சிலர்