வயதைக் கூட்டிச் சொல்லி விற்ற பொமரேனியன் குட்டி: உரிமையாளருக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
குட்டியை வாங்கிய வாடிக்கையாளர்,
அல்சூர், பெங்களூரு – 560008.

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
நாய்க்குட்டி வளர்ப்பு மற்றும் விற்பனை நிலையம், பெங்களூரு.

நாள்: 17.11.2025

பொருள்: 08.02.2025 அன்று வாங்கிய பொமரேனியன் பெண் குட்டியின் வயது, தடுப்பூசி, வளர்ச்சி ஆகியவை பற்றித் தங்கள் நிலையம் தந்த பொய்யான விவரங்கள் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த பிப்ரவரி மாதம் 8-ஆம் தேதி, சனிக்கிழமை மாலை, தங்கள் நிலையத்தில் 55,000 ரூபாய் செலுத்தி ஒரு பொமரேனியன் பெண் குட்டியை வாங்கினேன். தாங்கள் கொடுத்த ரசீதில் 'டீகப் பொமரேனியன், பிறந்த நாள் 25.11.2024, முழு வளர்ச்சியில் ஒன்றரைக் கிலோ' என்று தங்கள் ஊழியரின் கையெழுத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. டீகப் என்றால் தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் அளவுக்கு மிகச் சிறியது என்று பொருளாம். அந்த வரியில் உள்ள மூன்று செய்திகளும் உண்மையல்ல என்பது இந்த ஒன்பது மாதங்களில் எனக்குத் தெளிவாகியிருப்பதால், தொலைபேசியில் மூன்று முறை பேசியும் பயனில்லாத நிலையில், இதை எழுத்து மூலம் தெரிவிக்கிறேன்.

நாயின் அளவு எங்களுக்கு ஏன் முக்கியமாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தாயாருக்கு எழுபத்திரண்டு வயது. அப்பா காலமான பிறகு பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருக்கிறார். முழங்கால் தேய்மானத்தால் குனிந்து எழுவதே அவருக்குச் சிரமம் என்பதால், ஒரு கையால் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளக்கூடிய, இழுத்தால் அவரைத் தள்ளிவிடாத சிறிய நாய்தான் வேண்டும் என்று தங்கள் ஊழியரிடம் தொடக்கத்திலேயே கூறினேன். அவர் உடனே குட்டியை ஒரு தேநீர்க் கோப்பைக்குள் உட்கார வைத்துக் காட்டினார். பிறகு தராசில் வைத்தார். 720 கிராம் இருந்தது. "எழுபத்தைந்து நாள் ஆகிவிட்டது அம்மா, பன்னிரண்டு வார எடையை இரண்டால் பெருக்கினால் வளர்ந்த நாயின் எடை வந்துவிடும், ஒன்றரைக் கிலோவைத் தாண்டவே தாண்டாது" என்று அவர் கணக்குச் சொன்னபோது, அந்தக் கணக்கு எனக்கு நியாயமாகவே பட்டது. நான் வீட்டில் பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் அரைத்துப் பொட்டலம் கட்டி விற்பவள். கிராம் கணக்கைக் கண்ணால் பார்த்தால் நம்பிவிடும் பழக்கம் உள்ளவள். தராசு பொய் சொல்லவில்லை, ஐயா. எடையோடு சேர்த்துச் சொல்லப்பட்ட வயதுதான் பொய்.

அம்மா அதற்குக் குன்றிமணி என்று பெயர் வைத்தார். வீட்டுக்கு வந்த இரண்டாம் இரவு, அதாவது பிப்ரவரி 10-ஆம் தேதி விடியற்காலை மூன்று மணிக்கு, குட்டி கழுத்தை நிமிர்த்த முடியாமல் துவண்டு கிடந்தது. ஈறுகள் வெளுத்திருந்தன, கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. அம்மாதான் தேனை விரலில் தொட்டு அதன் ஈறுகளில் தடவினார். சேலையில் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்து இரவு நேர மருத்துவமனை ஒன்றுக்கு ஓடினோம். இரத்தச் சர்க்கரை அபாயகரமான அளவுக்கு இறங்கிவிட்டது என்று கூறி அங்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிற்றின, அதாவது உருவில் சிறிய இன, நாய்க்குட்டிகளின் உடலில் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் திறன் மிகக் குறைவு என்பதையும், தாய்ப்பாலிலிருந்து சீக்கிரம் பிரிக்கப்பட்டு, நீண்ட நேரம் பட்டினி கிடந்து, இடம் மாறிய கலக்கமும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடக்கூடும் என்பதையும் அன்று அந்த மருத்துவர் விளக்கித்தான் நான் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு நாளின் செலவு மட்டும் 6,850 ரூபாய்.

அதே மருத்துவர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இதற்கு எழுபத்தைந்து நாள் என்று யார் சொன்னார்கள்?" என்பதுதான். நாய்க்குட்டிகளுக்கு இருபத்தெட்டுப் பால் பற்களும் ஏறக்குறைய எட்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். குன்றிமணிக்கு வெட்டுப் பற்களும் கோரைப் பற்களும் மட்டுமே வெளியே வந்திருந்தன; பின்னால் உள்ள முன்கடைவாய்ப் பற்கள் அப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டிருந்தன. கண்களில் இளங்குட்டிகளுக்கே உரிய நீலப் படர்வு மாறவில்லை. வயது ஏறக்குறைய ஆறு வாரம்தான் இருக்கும் என்று அவர் எழுதிக் கொடுத்த சான்றை இத்துடன் இணைத்துள்ளேன். சிற்றினங்களில் பற்கள் சற்றுத் தாமதமாக வருவதுண்டு, ஆகவே பல்லை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்று அவரே நேர்மையாகச் சொன்னார். அதனால்தான் நான் அன்றே தங்களிடம் சண்டைக்கு வரவில்லை. வாரந்தோறும் பொடி நிறுக்கும் தராசில் ஒரு தட்டை வைத்து அதன் எடையைக் குறித்துக்கொண்டே வந்தேன்.

குட்டி ஆறு வாரத்தது என்றால் அது டிசம்பர் மாதக் கடைசியில் பிறந்திருக்க வேண்டும். அப்படிக் கணக்கிட்டால் பிப்ரவரி 24 அன்று அதற்கு எட்டு வாரம்; அன்று 1,240 கிராம் இருந்தது. மார்ச் 24 அன்று பன்னிரண்டு வாரம். அன்று 1,900 கிராம். சிற்றினக் குட்டியின் எட்டு வார எடையை மூன்றாலும் பன்னிரண்டு வார எடையை இரண்டாலும் பெருக்கினால் வளர்ந்த நாயின் எடை தோராயமாகக் கிடைக்கும் என்பது வளர்ப்பவர்கள் பலரும் கையாளும் வழிதான். முதலாவதில் 3.7 கிலோவும் இரண்டாவதில் 3.8 கிலோவும் வருகின்றன. இன்று குன்றிமணி 4.1 கிலோ. செப்டம்பரிலிருந்து ஐம்பது கிராம்தான் கூடியிருக்கிறது என்பதால் வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிட்டது. சிற்றின நாய்கள் எட்டிலிருந்து பத்து மாதங்களுக்குள் பெரும்பாலும் வளர்ந்து முடிப்பதோடும் இது ஒத்துப்போகிறது. முன்வரிசைப் பால் பற்கள் விழுந்து நிலைப் பற்கள் தலைகாட்டியது மே மாதத் தொடக்கத்தில். தாங்கள் சொன்ன பிறந்த நாளின்படி அப்போது ஐந்து மாதம் கடந்திருக்கும். நான் கணக்கிடும் நாளின்படி நான்கு மாதம், அதாவது பல் மாறுகிற சரியான பருவம். பல், கண், எடை ஏறிய வேகம், வளர்ச்சி நின்ற காலம் என்று நான்கும் தனித்தனியாக ஒரே மாதத்தைக் காட்டும்போது, தங்கள் ரசீது மட்டும் வேறொரு மாதத்தைக் காட்டுகிறது.

ஆகவே, தங்கள் ஊழியர் சொன்ன பெருக்கல் வழியில் பிழையில்லை. ஆறு வாரக் குட்டியைப் பதினொரு வாரக் குட்டி என்று காட்டிய பிறகு எந்த வழியில் பெருக்கினாலும் அது குட்டையான நாயாகத்தான் தெரியும். வளர்ந்தபின் நான்கு கிலோ வரக்கூடிய ஒரு சாதாரணக் குட்டி, வயதில் ஐந்து வாரத்தைக் கூட்டி எழுதியதால் மட்டுமே 'டீகப்' ஆகிவிட்டது. விலையும் அதற்கேற்ப உயர்ந்தது.

தடுப்பூசி அட்டையும் இதே கதையைத்தான் சொல்கிறது. முதல் தடுப்பூசி 10.01.2025 அன்று போடப்பட்டதாக அதில் உள்ளது. உண்மையில் அன்று இந்தக் குட்டிக்கு இரண்டு வாரம்கூட நிறைந்திருக்காது. கண் சரியாகத் திறந்திருக்குமா என்பதே ஐயம். ஊசி மருந்துக் குப்பியிலிருந்து எடுத்து ஒட்டும் சீட்டு அட்டையில் இல்லை, மருத்துவரின் கையொப்பமும் பதிவெண்ணும் இல்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி 05.02.2025 அன்று போடப்பட்டதாக இன்னொரு வரி. அந்த ஊசியை வழக்கமாக மூன்று மாதம் நிறைந்த பிறகே போடுகிறார்கள். தாங்கள் எழுதிய பிறந்த நாளின்படியே பார்த்தாலும் அன்று குட்டிக்கு எழுபத்திரண்டு நாட்கள்தான். முழு அட்டையையும் தள்ளிவிட்டு எல்லா ஊசிகளையும் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ கிருமி பரவும் இந்த நகரத்தில், அட்டையை நம்பிக் குட்டியைத் தெருவில் இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே முடியவில்லை.

என் மனத்தை மிகவும் வருத்தியது இதுவல்ல. குட்டியைக் கையில் கொடுக்கும்போது தங்கள் ஊழியர், "ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு எண்ணி இருபது மணி (சிறு உருண்டை) உணவுதான் போட வேண்டும்; அதற்கு மேல் போட்டால் நாய் பெரிதாகிவிடும், பிறகு எங்களைக் குறை சொல்லக்கூடாது" என்று அறிவுறுத்தினார். நாங்கள் அதை அப்படியே எண்ணிப் போட்டோம். அம்மா மனம் கேளாமல், "பச்சைக் குழந்தை, தட்டை நக்கிக்கொண்டே நிற்கிறதே" என்று சொன்னபோதும், விற்றவர்களுக்குத் தெரியாததா என்று நான்தான் தடுத்தேன். அந்த இரண்டு நாள் பட்டினியின் முடிவில்தான் அது மயங்கி விழுந்தது. அந்த வயதுக் குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளையாவது ஊறவைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, நான் என் தாயாரின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். பட்டினி போட்டால் நாயின் இனம் சிறிதாகாது. எலும்பும் மூளையும் நலியும், உயிருக்கு ஆபத்து வரும். இதை ஒரு விற்பனை நிலையம் வளர்ப்பு முறையாகச் சொல்லிக் கொடுப்பதைத் தாங்கள் அறிந்தே அனுமதிக்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்கிறேன். குட்டியின் மண்டையில் உச்சிக்குழி மூடாமல் இருந்ததை நான் தொட்டுக் கேட்டபோதும், அதுதான் டீகப் குட்டிக்கு அடையாளம் என்றார்கள். அது அடையாளமல்ல, தலையில் அடிபடாமல் காத்து, மூடுகிறதா என்று கண்காணிக்க வேண்டிய ஒரு குறை.

டீகப் என்று ஓர் இனமோ, இனத்துக்குள் ஒரு பிரிவோ கிடையாது. நாய் இனங்களைப் பதிவு செய்யும், சென்னையில் தலைமையகம் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவும் அப்படி ஒன்றை ஏற்கவில்லை, அமெரிக்கக் கென்னல் கிளப்பும் ஏற்கவில்லை. அமெரிக்க அமைப்பின் அளவுகோலில் பொமரேனியனின் எடை மூன்று முதல் ஏழு பவுண்டு, அதாவது சுமார் 1.4 முதல் 3.2 கிலோ, பன்னாட்டு அமைப்பான எஃப்.சி.ஐ. தோள் உயரத்தை 18 முதல் 24 சென்டிமீட்டர் என்று வைத்திருக்கிறது. குன்றிமணியின் தோள் உயரம் 27. நம் நாட்டில் காலங்காலமாகப் பொமரேனியன் என்ற பெயரில் விற்கப்படும் இந்தியன் ஸ்பிட்ஸ் கலப்பு இதில் இருக்கக்கூடும் என்று மருத்துவர் கருதுகிறார். இந்தியன் ஸ்பிட்ஸ் அருமையான நாய். அதை அதன் பெயரிலேயே சொல்லி விற்றிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூன்று மாதத்தில் தருவதாகச் சொன்ன கென்னல் கிளப் பதிவுச் சான்று இன்றுவரை வரவில்லை. நாயை அடையாளம் காணத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பும் பொருத்தப்படவில்லை.

குட்டி எவ்வளவு வளரும் என்பதற்குப் பெற்றோரின் அளவைவிட நல்ல சாட்சி இல்லை. தாயை நேரில் பார்க்க வேண்டும் என்று அன்று இரண்டு முறை கேட்டேன். ஊருக்கு வெளியே உள்ள பண்ணையில் இருக்கிறது, கிருமி தொற்றும் என்பதால் யாரையும் விடுவதில்லை என்று கூறி, கைப்பேசியில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான காணொளி ஒன்றைக் காட்டினார்கள். பால் கட்டிய மடி அதில் தெரியவில்லை, குட்டிகளும் தெரியவில்லை. அங்கேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

கடந்த மாதம் தொலைபேசியில் பேசிய தங்கள் மேலாளர், நாங்கள் அதிகமாகத் தீனி போட்டதால்தான் நாய் பெரிதானது என்றார். தீனி கூடினால் கொழுப்பு கூடும். தோள் உயரம் கூடாது. குன்றிமணியின் விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்படுகின்றன, மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிகிறது. உடல் சரியான அளவில் இருப்பதாக மருத்துவர் எழுதித் தந்திருக்கிறார். வேண்டுமானால் நாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு குட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் அந்த மேலாளர் சொன்னார். அம்மா காலையில் கண் விழித்ததும் முதலில் அழைப்பது அதன் பெயரைத்தான். அதைத் திருப்பித் தரும் பேச்சுக்கே இடமில்லை.

2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பிறப்பு, தடுப்பூசி, விற்பனை விவரங்களைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். எனவே குன்றிமணியின் உண்மையான பிறந்த நாள், தாய் தந்தையின் எடை, உயரம், வயது, தாய் இதுவரை ஈன்ற ஈற்றுகள் ஆகியவற்றைப் பதிவேட்டின் நகலுடன் எனக்கு எழுத்தில் தர வேண்டும். இது வெறும் ஆவலால் கேட்பதன்று. குட்டிக்குப் பின்னங்கால் முழங்கால் சில்லு அவ்வப்போது நழுவுகிறது. இது சிற்றினங்களில் பரம்பரையாக வரும் குறை என்பதால் பெற்றோருக்கும் உண்டா என்று அறிவது சிகிச்சைக்குத் தேவைப்படுகிறது. அப்படி உண்டென்றால் அந்தத் தாயை மீண்டும் இனப்பெருக்கத்துக்கு விடாமல் தாங்கள் நிறுத்த வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, முதல் நாள் சிகிச்சை, புதிதாகப் போட்ட தடுப்பூசிகள், முழங்கால் பரிசோதனை ஆகியவற்றின் மொத்தச் செலவு 19,400 ரூபாயையும், 'டீகப்' என்ற பொய்யான பெயருக்காகக் கூடுதலாகப் பெற்ற தொகையையும் திருப்பித் தர வேண்டும். அதே வாரத்தில் தங்கள் நிலையத்தில் சாதாரணப் பொமரேனியன் குட்டிக்கு 20,000 ரூபாய் என்று விலை எழுதி வைத்திருந்த படம் என்னிடம் உள்ளது. மேலும், இரண்டு வேளை இருபது மணி என்ற அறிவுரையோடு குட்டிகளை வாங்கிச் சென்ற மற்ற குடும்பங்களைத் தாங்களே அழைத்து, சரியான உணவு முறையைச் சொல்ல வேண்டும். மற்ற எதற்கு அவகாசம் கேட்டாலும் தருவேன். இதற்கு மட்டும் தர மாட்டேன். இந்த வாரத்துக்குள் இது நடக்க வேண்டும்.

மற்றவற்றுக்கு இக்கடிதம் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெங்களூரு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும், கர்நாடக விலங்குகள் நல வாரியத்திலும் புகார் அளிப்பேன். ரசீது, தடுப்பூசி அட்டை, மருத்துவரின் இரண்டு சான்றுகள், ஒன்பது மாத எடைக் குறிப்பு ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். அசல்கள் என்னிடம் உள்ளன. பதிவேட்டின் நகலைத் தபாலில் அனுப்பத் தயங்கினால், நாள் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். மருத்துவரையும் அழைத்துக்கொண்டு பண்ணைக்கே வந்து, தாய் நாயை நேரில் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குன்றிமணியை வாங்கிய வாடிக்கையாளர்,
அல்சூர், பெங்களூரு.