நெடுந்தீவுப் பாடசாலைகளுக்காக, பூட்டிக் கிடக்கும் வீடுகள் பற்றி ஆளுநருக்கு ஒரு மனு

மாண்புமிகு ஆளுநர் அவர்கள்,
வடக்கு மாகாணம்,
ஆளுநர் செயலகம், யாழ்ப்பாணம்.

ஊடாக: பிரதேச செயலாளர், நெடுந்தீவு.

பொருள்: பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் குத்தகைக்கு எடுத்து ஆசிரியருக்கும் இளங் குடும்பங்களுக்கும் வழங்கல், அதற்குத் தடையாயுள்ள முத்திரைத் தீர்வை, சோலைவரி (வீட்டுவரி) ஆகியவற்றின் சிக்கல்களைத் தீர்த்தல்.

மதிப்புக்குரிய ஐயா,

ஆசிரியர் பற்றாக்குறை என்று எழுதினால் மனு கல்விப் பக்கம் போகிறது. வீடில்லை என்றால் வேறொரு கோவை திறக்கப்படுகிறது. வரி என்றால் பிரதேச சபைக்கு அனுப்பப்படுகிறது. நெடுந்தீவில் மூன்றும் ஒரே பிரச்சினை. கல்வி, உள்ளூராட்சி, காணிக் கைமாற்ற முத்திரைத் தீர்வை ஆகிய மூன்றும் மாகாணத்துக்குரிய விடயங்கள். மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் இவை தங்கள் மேசைக்கே வருகின்றன. ஆகவே தங்களுக்கே எழுதுகிறோம்.

பிள்ளைத்தொகை குறைவது எப்படி என்பதை முதலில் சொல்லவேண்டும். உயர்தர விஞ்ஞானம் படிக்க மூத்த பிள்ளை யாழ்ப்பாணம் போகிறது. தனியே விட முடியாது, தாயும் போகிறார். தாய் போனால் ஐந்தாம் ஆண்டில் இருப்பதும் முதலாம் ஆண்டில் இருப்பதும் கூடவே போகும். மேல் வகுப்பில் ஒரு பாடத்துக்கு ஆளில்லாமற் போவதால், கீழே இரண்டு வகுப்புகளில் வாங்கு காலியாகிறது. பிள்ளைத்தொகை குறைந்ததைக் காட்டி ஆளணி, அதாவது ஆசிரியர் எண்ணிக்கை, குறைக்கப்படும். அதைப் பார்த்து அடுத்த குடும்பம் மூட்டை கட்டும்.

ஆசிரியர் ஏன் தங்குவதில்லை? யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பேருந்தில் ஒரு மணிக்கு மேல், அங்கிருந்து கடலில் இன்னொரு மணி. 7.30க்குத் தொடங்கும் பாடசாலைக்கு நகரிலிருந்து தினமும் வருவது நடக்காத காரியம். சோளகம் என்ற தென்மேல் காற்றுப் பெயர்ந்துவிட்டால் படகே நிச்சயமில்லை. தீவில் தங்கத்தான் வேண்டும், தங்க வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. ஒழுங்கைக்கு ஒழுங்கை வீடுகள் பூட்டிக் கிடக்கும் ஊரில் வாடகைக்கு வீடில்லை என்பது வெளியாருக்கு விளங்காது. காரணம் காணி உறுதியில், அதாவது உரிமைப் பத்திரத்தில், இருக்கிறது.

முதுசமாயும் சீதனமாயும் இறங்கிவந்த காணி இன்று பிரிபடாப் பங்குகளாக நிற்கிறது. ஒரு பங்காளி ரொறன்ரோவில், ஒருவர் பாரிஸில், ஒருவர் வவுனியாவில். எல்லோருக்கும் ஒரே பயம்: ஆளை இருத்தினால் பத்தாண்டில் வீடு போய்விடும். பிறர் காணியில் உரிமையாளரை ஏற்காமல் பத்தாண்டு இருந்தவர் அதற்கு உரிமை கோரலாம் என்ற, 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் எல்லை அது. போரால் உரிமை கோர முடியாமற் போனோருக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் கணக்கில் எடுக்கப்படமாட்டாது என 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சொன்னது. ஆனால் 2009இலிருந்து எண்ணினாலும் 2019இல் பத்து நிரம்பிவிட்டது. அதன்பின் பயம் கூடியதேயன்றிக் குறையவில்லை. வாடகைக்கு இருப்பவர், உரிமையாளரை ஏற்றுக்கொண்டு இருப்பதால், ஆட்சியுரிமை கோர முடியாது. ஆனால் அவர் வாடகைக்குத்தான் வந்தார் என்பதைக் காட்ட எழுத்து வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிட்டால் செல்லாது. இங்கே நடப்பதோ வாய்ச்சொல், ஒரு சாவிக்கொத்து, மாதாமாதம் யாரோ ஒரு சித்தப்பாவின் கையில் கொடுக்கும் காசு.

எனவே எமது முதலாவது கோரிக்கை, குத்தகைக்கு எடுப்பவர் தனி ஆசிரியராக அல்லாமல் அரச நிறுவனமாக இருக்கவேண்டும் என்பது. பிரதேச செயலகமோ கல்வி வலயமோ ஐந்தாண்டுக் குத்தகை உறுதி எழுதி, உரிமையாளரின் உரித்தை அதில் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு, காணிப் பதிவகத்தில் பதியட்டும். வெளிநாட்டிலுள்ளவர்கள், தம் சார்பில் ஒருவர் கையொப்பமிட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் அனுப்பினால் போதும். இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தால் பலர் சம்மதிப்பார்கள். ஓர் அறை உரிமையாளரின் பூட்டில் இருக்கட்டும். குத்துவிளக்கும் கிடாரமும் சுவாமிப் படமும் பழைய அலுமாரியும் அதற்குள் இருக்கும், அவற்றை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வியிலேயே பாதிப் பேச்சு முறிகிறது. மற்றது, ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் வீடு உரிமையாளருக்கு. வெளிநாட்டார் ஊருக்கு வருவதும் பெரும்பாலும் அப்போதுதான், ஆசிரியர் தம் வீட்டுக்குப் போவதும் அப்போதுதான்.

இளங் குடும்பங்களுக்கு ஐந்தாண்டுக் குத்தகை போதாது, சொந்த வீடு வேண்டும். அங்கேதான் தீர்வை குறுக்கே நிற்கிறது. கைமாற்ற உறுதிக்கு முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். சகோதரரின் பங்குகளை 20 இலட்சத்துக்கு ஒருவர் ஓர் உறுதியில் வாங்கினால் 3,000மும் 76,000மும் சேர்ந்து 79,000 ரூபாய், நொத்தாரிசு கூலியும் போக்குவரத்தும் வேறு. யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடாமல் அந்நியருக்கு விற்கவும் முடியாது. மீன்பிடியில் வாழும் குடும்பம் இதைக் கட்டி, ஒவ்வொரு கையொப்பத்துக்கும் யாழ்ப்பாணம் போய்வர வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளையுள்ள குடும்பம் பங்குகளை ஒன்றாக்கும்போது தீர்வையைத் தவணையிற் செலுத்தவோ குறைக்கவோ மாகாண நியதிச்சட்டத்தில் இடமுண்டா என்று பிரதம செயலாளரிடம் அறிக்கை பெறுமாறு கேட்கிறோம். இடமில்லையென்றால் அதையாவது எழுத்தில் தாருங்கள், வேறு வழி தேடலாம். காணிப் பதிவகமும் மதிப்பீட்டாளரும் நொத்தாரிசும் ஒரே நாளில் தீவுக்கு வரும் நடமாடும் சேவைக்குச் சட்டத்திருத்தம் எதுவும் தேவையில்லை, படகில் இடம் இருந்தால் போதும்.

இந்தத் தீர்வைப் பணம் காணி இருக்கும் உள்ளூராட்சி சபைக்கே திரும்பவேண்டியது. நெடுந்தீவுக் காணிகளால் வரும் தொகையைத் தனிக் கணக்கில் வைத்து, குத்தகை வீடுகளின் திருத்தத்துக்கு ஒதுக்கக் கேட்கிறோம்.

திருத்த வேலை பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், பணம் வீணாவது இங்கேதான். முதலில் கூரை. ஓர் ஓடு சரிந்தால் ஒரே மாரியில் நீர் சுவர்த் தலைக்கு இறங்கும். பனை வளை தாங்கும், சலாகையைக் கறையான் தின்றுவிடும். பழைய வீடுகள் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அவற்றுக்குச் சிமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பூச்சுத் தட்டுத் தட்டாகக் கழன்று விழும், சுண்ணாம்பே பூசவேண்டும். கொங்கிரீட் வேலைக்குக் கிணற்று உவர்நீரைப் பாவிக்கக் கூடாது. கம்பி கறள் பிடித்துப் பருத்து, மேற்கூரைத் தட்டை உள்ளிருந்தே பிளக்கும். மலசலகூடக் குழி அடியும் பக்கமும் அடைத்ததாயிருக்கவேண்டும். இது சுண்ணக்கல் நிலம், திறந்த குழியின் நீர் வெடிப்பு வழியே நேராகக் கிணற்றுக்குப் போகும். ஒரு மூடை சிமெந்து லொறி, இறங்குதுறை, படகு, உழவு இயந்திரம் என்று நாலு கை மாறித்தான் வளவுக்கு வருகிறது. மதிப்பீட்டில் கடல்கூலியைத் தனியே காட்டாவிட்டால் ஒப்பந்தகாரர் விலைக்கேள்வி போடமாட்டார், போட்டாலும் பாதியில் விட்டுப்போவார். உரிமையாளருக்கு வாடகைக் காசை விடத் திருத்திய வீடே பெரிது. திருத்தச் செலவை வாடகையிற் கழிக்கலாம்.

சோலைவரி பற்றிச் சுருக்கமாக. வரிக்கு அடிப்படை வருடாந்தப் பெறுமதி, அதாவது வீட்டுக்கு எதிர்பார்க்கக்கூடிய வாடகை. வாடகைச் சந்தையே இல்லாத தீவில் அதை நகரத்து அளவுகோலால் கணிக்கக் கூடாது. வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த மாடியைப் பார்த்துப் பக்கத்து ஓட்டு வீட்டுக்கும் பெறுமதி ஏற்றக் கூடாது. பாடசாலைக்குக் குத்தகைக்கு விட்ட வீடுகளுக்குச் சபை சலுகை தர விரும்பினால், சட்டத்துக்குட்பட்ட வழியை உள்ளூராட்சி ஆணையாளர் சபைக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். பழைய நிலுவை உரிமையாளருடையது என்பதைக் குத்தகை உறுதியிலேயே எழுதிவிட்டால் வந்திருக்கும் ஆசிரியருக்குத் தலையிடி இல்லை.

ஆளணி விடயத்தில் ஒன்றே கேட்கிறோம். வகுப்பில் ஆறு பேர் இருந்தாலும் அறுபது பேர் இருந்தாலும் கணிதத்துக்கு ஒரு கணித ஆசிரியர் வேண்டும். தலைக்கணக்கில் அல்லாமல் பாடக்கணக்கில் ஆளணியை நிர்ணயியுங்கள். கஷ்டப் பிரதேசச் சேவையை எண்ணும்போது தீவிலேயே தங்கியிருந்த காலத்துக்குக் கூடிய புள்ளி கொடுங்கள்.

குத்தகை உறுதிகள் வருடாந்த இடமாற்றப் பட்டியல் வெளிவரும் முன் எழுதப்படவேண்டும். நியமனக் கடிதத்துடன் வீட்டின் விபரமும் கிடைத்தால்தான் ஆசிரியர் பெட்டியுடன் படகேறுவார், இல்லையேல் மேன்முறையீட்டுடன் திரும்புவார். உறுதிப் பிரதிகளையும் வீட்டுச் சாவிகளையும் கிராம அலுவலர் முன்னிலையில் ஒப்படைக்க உரிமையாளர்களும் அவர்களது தத்துவகாரரும் ஆயத்தமாயுள்ளனர். பொறுப்பேற்கும் அலுவலர் யார் என்பதை மட்டும் அறியத்தாருங்கள்.

இங்ஙனம்,
நெடுந்தீவுப் பாடசாலைகளின் பெற்றோர், பழைய மாணவர், காணி உரிமையாளர்கள்.

பிரதிகள்: பிரதம செயலாளர், மாகாணக் கல்விச் செயலாளர், உள்ளூராட்சி ஆணையாளர், நெடுந்தீவு பிரதேச சபைத் தவிசாளர்.