உறையில் விடுபட்ட பெயர்கள்: திரையிசை வெளியீட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திரையிசைத் தொகுப்புகளை வெளியிடும் நிறுவனத்தாருக்கும், இணைய இசைத் தளங்களை நடத்துவோருக்கும் வணக்கம்.

பழைய யுகோஸ்லாவியாவின் ராக் கலைஞரும் திரை இசையமைப்பாளருமான கோரன் பிரெகோவிச்சின் இசையைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் ஒரு தமிழ் ரசிகன் இந்த மடலை எழுதுகிறேன். அவர் திரைப்படத்துக்காகக் கோர்த்த 'எதெர்லெசி' என்ற பாடலைத் தேடினால் பெரும்பாலும் அவர் பெயர் ஒன்றுதான் கண்ணில் படுகிறது. அந்தப் பாடலுக்கு உரிய மற்றப் பெயர்களையும் அதே இடத்தில் அச்சிட வேண்டும் என்பதே என் கோரிக்கை. இதைப் பிரெகோவிச்சின் மேல் தொடுத்த வழக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயர்கள் விடுபட்டதால் அவருக்கும் இழப்பு நேர்ந்திருக்கிறது.

அவர் 1950இல் சரயேவோவில், குரோவேஷியரான ராணுவ அதிகாரிக்கும் செர்பியத் தாய்க்கும் பிறந்தவர். மணந்ததோ போஸ்னிய முஸ்லிம் பெண்ணை. 1974இல் அவர் தொடங்கிய 'பியெலோ துக்மே', அதாவது 'வெள்ளைப் பொத்தான்' என்ற ராக் குழுவைச் சொந்த ஊரின் டிஸ்கோட்டோன் நிறுவனம் காத்திருக்கச் சொன்னதால், அவர்களுடைய முதல் இசைத்தட்டு ஸாக்ரெபின் யுகோட்டோன் வழியாக வந்தது. (வெளியீட்டாளர்களின் கணக்கு தப்புவது புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.) மின்கிட்டாரோடு நாட்டுப்புற மெட்டுகள் கலந்த அந்த இசையை விமர்சகர்கள் 'மேய்ப்பர் ராக்' என்று எள்ளினார்கள். ஆனால் 1977 ஆகஸ்டில் பெல்கிரேடின் ஹைதுச்கா செஸ்மாவில் அவர்கள் இலவசமாக நடத்திய கச்சேரிக்குப் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். 1983இல் அக்குழு அல்பேனிய மொழியிலேயே ஒரு பாட்டைப் பாடியது. அக்கம்பக்கத்தாரின் பாட்டை வாங்கித் தன் பாட்டோடு கோப்பது ஆரம்பம் முதலே அவருடைய வழக்கம். அதை அவர் மறைத்ததும் இல்லை. 1989இல் குழு கலைந்தது. பின்னர் போஸ்னியாவில் போர் மூண்டபோது அவர் பாரிஸில் இருந்தார். அதன்பின் உலகம் அவரை முதன்மையாகத் திரை இசையமைப்பாளராகவே அறிந்தது.

அந்த அறிமுகத்துக்கு வழி திறந்தது இயக்குநர் எமிர் குஸ்துரிட்சாவின் 'டைம் ஆஃப் த ஜிப்சீஸ்' படம். 1989 கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்ற இந்தப் படத்தின் பாத்திரங்கள் பெரும்பாலும், ஜிப்சிகள் என்று பிறர் அழைக்கும் ரோமா மக்களின் ரோமானி மொழியில் பேசுகிறார்கள். அம்மொழியினர் 'யெக், துய், த்ரின்' என்று எண்ணுவதைக் கேட்டால் அதன் இந்திய வேர் நமக்கே புலப்படும். ஆற்றில் தீப்பந்தங்களோடு மக்கள் இறங்கும் காட்சியில் ஒலிக்கும் 'எதெர்லெசி', பால்கன் ரோமாக்கள் காலங்காலமாகப் பாடிவரும் பாட்டு. மே 6ஆம் நாள் கொண்டாடும் வசந்த விழாவின் பெயரே பாட்டுக்கும் பெயர். அவ்விழாவின் துருக்கிய வடிவமான ஹிதிரெல்லெஸை யுனெஸ்கோ 2017இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பிரெகோவிச் அந்த மெட்டுக்குப் பாடகர் குழுவின் கார்வையைச் சேர்த்து, அதை மெல்ல மேலெழச் செய்தார். அந்தக் கோர்ப்பு அவருடையது, அருமையானது. மெட்டோ ரோமாக்களுடையது, குரல் வாஸ்கா யாங்கோவ்ஸ்காவுடையது.

1995இல் கானின் உயரிய விருதான தங்கப்பனையை வென்ற 'அண்டர்கிரவுண்ட்' படத்தை நினைத்துப் பாருங்கள். படம் முழுக்கப் பாத்திரங்களை ட்ரம்பெட் வாசிப்போர் துரத்திக்கொண்டே ஓடுகிறார்கள். அந்த முழக்கத்தில் போபன் மார்கோவிச்சின் ரோமா குழுவுக்குப் பெரும் பங்குண்டு. ராணுவ வாத்தியக் குழுக்களிலிருந்து கிராமங்களுக்கு வந்த பித்தளைக் கருவிகளைத் தெற்கு செர்பியாவின் ரோமாக் குடும்பங்கள் தந்தையிடமிருந்து மகன் என்று செவிவழியாகவே கற்று, திருமணத்திலும் இறுதி ஊர்வலத்திலும் வாசித்துப் பிழைத்து வந்தன. பிரெகோவிச் தம் இசைக்குழுவுக்குத் 'திருமணமும் இறுதிச்சடங்கும்' என்று பெயர் வைத்ததும் இந்தப் பிழைப்பை எண்ணித்தான் என்று நினைக்கிறேன். அந்த வாசிப்பை எந்த இசைக்குறிப்புத் தாளிலும் முழுதாக எழுதிவிட முடியாது. அப்படியிருக்க, வாசித்தவரின் பெயரை உறையின் உள்மடிப்பில் பொடி எழுத்தில் போடுவதும், இணையத்துக்கு வரும்போது அதையும் விட்டுவிடுவதும் எந்த வகையில் நியாயம்?

பிரெகோவிச்சுக்கு நேர்ந்த இழப்புக்கு வருகிறேன். 1988இல் அவர் இதே மெட்டுக்குத் தம் மொழியில் புதிய சொற்கள் எழுதி, 'ஜுர்ஜெவ்தான்' என்று பியெலோ துக்மேக்காகப் பதிவு செய்தார். பின்னாளில், 1942இல் சரயேவோவிலிருந்து யாசெனோவாட்ஸ் வதைமுகாமுக்கு ரயிலில் கொண்டுசெல்லப்பட்ட செர்பியர்கள் பாடிய பாட்டு அது என்று ஒரு கதை கிளம்பி, இன்றும் சுற்றி வருகிறது. எவர் மெட்டு, எவர் சொல், எந்த ஆண்டு என்ற விவரம் பாட்டோடு கூடவே பயணம் செய்திருந்தால் அந்தக் கதை இவ்வளவு தூரம் ஓடியிருக்காது. ஒரே கதையில் சொல் எழுதியவரும் மறைந்தார், மெட்டைத் தந்தவர்களும் மறைந்தார்கள். யாசெனோவாட்ஸில் ஆயிரக்கணக்கான ரோமாக்களும் கொல்லப்பட்டார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த மறைவு இன்னும் உறுத்தும்.

மரபுப் பாட்டுக்கு உரிமையாளர் கிடையாது, கோர்த்தவருக்கே உரிமை என்று உங்கள் சட்ட ஆலோசகர்கள் சொல்லக்கூடும். நான் பணப் பங்கைப் பற்றிப் பேசவில்லை; பெயரைப் பற்றித்தான் பேசுகிறேன். பெயர் போடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பிரெகோவிச்சே 2012இல் ஐரோப்பாவில் ரோமாக்கள் விரட்டப்படுவதை எதிர்த்து ஒரு தொகுப்பு வெளியிட்டு, ரோமா இசைஞர்களை அழைத்துத் தம்மோடு பாடவைத்தார். அப்படிப்பட்டவர் இதற்கு மறுப்புச் சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே அடுத்த மறுவெளியீட்டின் உறையிலும், இணையத் தளத்தில் பாட்டின் தலைப்புக்குக் கீழேயும், இந்த ஒரு வரியை அச்சிடுங்கள்: 'எதெர்லெசி: பால்கன் ரோமா மரபுப் பாடல்; இசைக்கோர்ப்பு கோரன் பிரெகோவிச்; குரல் வாஸ்கா யாங்கோவ்ஸ்கா.' பித்தளைக் குழுக்கள் வாசித்த மற்றப் பாடல்களுக்கும் உங்கள் ஒலிப்பதிவு ஏடுகளைப் புரட்டி, வாசித்தவர்களின் பெயர்களைத் தேடி எடுத்து இதே போலச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ரசிகன்