ஃபெர்ன்ஸ் கோட்டையும் அதன் வட்ட மூலைகளும்

அன்புள்ள சண்முகத்துக்கு,

நலம்தானே? மகளைப் பார்க்க டப்ளின் போகும்போது ஒரு நார்மன் கோட்டைக்காவது போகவேண்டும் என்று எழுதியிருந்தாய். டிரிம் கோட்டைதான் பெரிது, கூட்டமும் அங்கேதான். நீ வெக்ஸ்போர்டு மாவட்டத்து ஃபெர்ன்ஸுக்குப் போ. சின்ன ஊர்தான். ஆனால் அப்போது இங்கிலாந்தை ஆண்ட நார்மன்களை அயர்லாந்துக்குக் கூட்டிவந்த லெய்ன்ஸ்டர் மன்னன் டெர்மட் மக்மரோவின் தலைநகர் அது. பறிபோன நாட்டை மீட்க அவன் கூப்பிட்ட படை 1169-இல் வந்து இறங்கியது. 1171-இல் அவன் சாக, நாடு அவன் மருமகனான நார்மன் பிரபு ஸ்ட்ராங்போ கைக்குப் போனது. பிறகு ஸ்ட்ராங்போவின் மகளைக் கட்டிய வில்லியம் மார்ஷலுக்கு. இன்று நிற்கும் கல்கோட்டை மார்ஷல் குடும்பம் கட்டியது.

சதுரக் கட்டடம், நாலு மூலையிலும் வட்டக் கோபுரம். ஏன் வட்டம்? 1215-இல் இங்கிலாந்தின் ரோசெஸ்டர் கோட்டையை முற்றுகையிட்ட ஜான் மன்னன், சதுர மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி மரத்தால் முட்டுக்கொடுத்தான். பிறகு தின்ன உதவாத கொழுத்த பன்றிகள் 40-ஐ வரவழைத்து, அந்தக் கொழுப்பில் தீ மூட்டினான். முட்டு எரிந்ததும் மூலை சரிந்தது. சதுர மூலையில் கடப்பாரைக்குப் பிடி கிடைக்கும், கல்லைப் பெயர்க்கலாம். மேலே நிற்கும் வில்லாளி கண்ணுக்கும் அந்த முனை சரியாகப் படாது. ரோசெஸ்டரிலேயே இடிந்த மூலையைத் திரும்பக் கட்டும்போது வட்டமாகத்தான் கட்டினார்கள். ஃபெர்ன்ஸில் இன்னொரு காபந்தும் உண்டு: அகழியைப் பாறையிலேயே வெட்டியிருக்கிறார்கள். சுரங்கக்காரனுக்கு அதைவிடத் தொல்லை வேறென்ன?

பாதிக் கோட்டைதான் மிச்சம். தென்கிழக்குக் கோபுரத்தை விட்டுவிடாதே. உள்ளே வட்டமான சிற்றாலயம் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் சுவரில் பதித்த கல்தாங்கிகளிலிருந்து விலா வளைவுகள் எழுந்து கூரையில் கூடுவது தெரியும்.

பக்கத்து கார்லோவில் இதே வடிவக் கோட்டைக்கு நேர்ந்ததுதான் கொடுமை. 1814-இல் அதை மனநோயாளர் விடுதியாக்க வந்த மருத்துவர், சுவரின் தடிமனைக் குறைக்க வெடிமருந்து வைத்தார். அந்தத் தடிமன்தானே மொத்தப் பாரத்தையும் தாங்கியது! ஒரு பக்கச் சுவரும் இரண்டு கோபுரமும்தான் தப்பின.

ஒரு சாபக்கதையும் உண்டு. தன் இரண்டு பண்ணைகளை மார்ஷல் பறித்துக்கொண்டார் என்று ஃபெர்ன்ஸ் ஆயர் அவர் வம்சத்தையே சபித்தாராம். ஐந்து மகன்களும் 1245-க்குள் பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்தார்கள். சாபத்தை நீ நம்பமாட்டாய். ஆனால் சொத்து ஐந்து மகள்கள் வழியில் துண்டு துண்டானது நிஜம். 14-ஆம் நூற்றாண்டில் மக்மரோ வம்சத்தாரே கோட்டையைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள்.

கோபுரத்துக்குள் எப்போது விடுவார்கள் என்று கோட்டையை ஒட்டிய பார்வையாளர் மையத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போ. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜமாணிக்கம்