வெற்றிலை இல்லை, ஐயா

மாவட்ட மனநலத் திட்ட அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாத முகாமில் 68 வயது அம்மா ஒருவரை, "வெத்தலையைத் துப்பிட்டு வாங்க" என்று வெளியே அனுப்பினார்கள். அவர் வாயில் ஒன்றுமில்லை. பல வருடம் போட்ட ஃப்ளூபெனசின் என்ற மனநோய் ஊசி மருந்தால் வாய் தானாக அசைபோடுகிறது. இந்தப் பக்கவிளைவுதான் டார்டிவ் டிஸ்கைனீசியா என்று தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்தவரின் சீட்டில் வழக்கமான மூன்றெழுத்து: சி.எஸ்.டி. பழைய மருந்தே தொடரட்டுமாம்.

அந்த வாயோடு சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். சோற்றை வைத்ததும் நாக்கு வெளியே தள்ளும். பல்செட் நிற்காது, ஈறில் உரசிப் புண்ணாக்கும். கழற்றி வைத்தால் அசைவு கூடும். மிஞ்சுவது கரைத்த சோறு, அதுவும் புரையேறும். எடை குறைந்தால் "வயசாயிருச்சு" என்று ஒரு பதில்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். மனநோய் மருந்து எடுக்கும் 60 வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் 6 மாதத்துக்கு ஒருமுறை, தானாக வரும் அசைவுகளை அளக்கும் எய்ம்ஸ் (AIMS) அளவுகோல் பரிசோதனை. (மதுரை எய்ம்ஸ் இல்லை, அந்த அளவுக்குப் பேராசை கிடையாது.) பத்து நிமிட வேலை. கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்காரவைத்து, வாயில் ஏதாவது இருக்கிறதா, பல்செட் சரியாக நிற்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லி, நீட்டாத நாக்கைப் பார்க்க வேண்டும். நீட்டினால் அசைவு அடங்கிவிடலாம். பிறகு கட்டைவிரலால் மற்ற விரல்களை வேகமாகத் தொடச் சொல்லி, 10-15 விநாடி முகத்தையும் காலையும் கவனிக்க வேண்டும். கவனம் விரலுக்குப் போனதும் ஒளிந்திருந்த அசைவு வெளியே வரும். கடைசியாக நடக்கவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்.

இதைச் செய்யாததால்தான் எல்லா அசைவுக்கும் டிஎச்பி (ட்ரைஹெக்சிஃபெனிடில்) மாத்திரை போகிறது. நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் அது சரி. இந்த வாயசைவைக் கூட்டும். முதியவர்களுக்கு மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மறதி வேறு. ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைக் கூட்டினால் அசைவு கொஞ்ச நாள் மறைந்திருந்து திரும்ப வரும். பயந்துபோய் வீட்டார் மருந்தைச் சட்டென நிறுத்தினால் அசைவும் கூடும், நோயும் திரும்பும். மதிப்பெண் கையில் இருந்தால்தான் மருத்துவர் அளவை மெல்லக் குறைப்பதா, இந்த அசைவைக் குறைவாக உண்டாக்கும் குவெட்டியபினுக்கோ க்ளோசபினுக்கோ மாற்றுவதா, மனச்சோர்வு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே அசைவைக் குறைக்கும் டெட்ராபெனசினை 12.5 மில்லிகிராமில் தொடங்குவதா என்று முடிவெடுக்க முடியும்.

முகாமுக்குப் பேனர் அடிக்க நிதி இருக்கிறது, ஃபிளாஷ் அடித்துப் படமெடுக்க ஆளும் இருக்கிறது. போகட்டும், அதைப் பேச வரவில்லை. அடுத்த முகாமுக்குள் 6 மாதப் பரிசோதனைக்கு ஓர் உத்தரவும், சீட்டில் அந்த மதிப்பெண்ணை எழுத ஒரு கட்டமும் தரும்படி பணிவுடன் வேண்டுகிறோம். நாற்காலியை நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
முகாம்களில் பணிபுரியும் மனநலச் செவிலியர்கள்