கையைப் பார்த்துக்கொள், கண்ணா

அன்புள்ள கண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போன் செய்தால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிறு தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போனேனே, அதற்காகவாவது கடைசிவரை படித்துவிடு.

துல்சாவில் நீ ஆடிய பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்தோம். நான்காவது இன்னிங்ஸில் வரிசையாக மூன்று பேருக்குத் தப்புப் பந்துகளாகப் போட்டு, அடிக்காமலே முதல் தளத்துக்குப் போகவிட்டு, வாக் கொடுத்தாய். அது போகட்டும், பந்து போடும் எந்தப் பிட்சர் கொடுக்காதது? ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் வலது கையைத் தொங்கவிட்டு உதறினாயே, அது என்ன பழக்கம்? வியர்வையாக இருக்கும் என்றார் அப்பா. ஜூலை வெயில் எனக்கும் தெரியும். ஆனால் கடைசியில் பக்கவாட்டில் வளையுமே, அந்த ஸ்லைடர் பந்து ஒன்றுகூடப் போடவில்லையே நீ. மே மாதம் கார்பஸ் கிறிஸ்டியில் ஆறு இன்னிங்ஸ் ஒரு ரன்னும் விடாமல் நின்றது அந்த ஸ்லைடரை வைத்துத்தானே? அன்று வர்ணனையாளர் உன் வேகப்பந்து மணிக்குத் தொண்ணூற்றைந்து மைல் என்று சொன்னார். இப்போது தொண்ணூற்றொன்று என்கிறார். எனக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது என்று நினைக்காதே. உன் பந்தை உன் எட்டு வயதிலிருந்து பார்க்கிறேன்.

சாப்பிடுகிறாயா? ராத்திரி ஆட்டம் முடிந்து பஸ் ஏறினால் வழியில் கிடைப்பதைத்தான் தின்பீர்கள் என்று தெரியும். அமரில்லோவிலிருந்து கார்பஸ் கிறிஸ்டிக்கு டெக்சாஸின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. அவ்வளவு நேரமும் கையை மடக்கி வைத்துக்கொண்டு தூங்காதே.

இந்த சீசனில் நீ பட்டதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஏப்ரலில் விச்சிட்டா குளிரில் பந்து கைக்குப் பிடிபடவில்லை என்றாய். மே மாதம் யாராலும் உன்னைத் தொட முடியவில்லை. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டாய் என்ற உன் ஈ.ஆர்.ஏ.வை அந்த மாதம் அப்பா ஆபீஸில் சொல்லாத ஆளே இல்லை. ஜூனில் அமரில்லோ. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 3,600 அடி உயரத்தில் இருக்கிறது, காற்றும் லேசு, தூக்கி அடித்தால் பந்து பறக்கிறது. அங்கே விட்ட ஹோம்ரன்களை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. நீயும் சேர்க்காதே.

மாமா போன வாரம் வந்திருந்தார். பேஸ்பாலில் கோடி கோடியாகக் கொடுப்பார்களாமே என்று கேட்டார். 2023 ஒப்பந்தத்தில்தான் நீ ஆடும் டபுள்-ஏ, அதாவது பெரிய லீகுக்கு இரண்டு படி கீழே இருக்கும் நிலையின், சம்பளத்தை வருடத்துக்கு 30,250 டாலர் ஆக்கினார்கள், அதற்கு முன் பதினான்காயிரம்கூட இல்லை என்று சொன்னேன். அவர் பேசாமல் இருந்துவிட்டார். உன்னோடு படித்தவர்கள் எங்கெங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று அடுத்து அவர் ஆரம்பித்துவிடுவார் என்பதால் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பைரேட்ஸ் என்ற பெரிய லீக் அணி 2008-ல் இந்தியாவிலிருந்து வந்த ரிங்கு சிங்கையும் தினேஷ் படேலையும் எடுத்தபோது நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் அதிசயமாகப் பேசினார்கள். அவர்கள் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். நீ சின்ன வயதிலிருந்து இந்தப் பந்தோடே வளர்ந்தவன். டபுள்-ஏ வரை வந்திருக்கிறாய். அது சாதாரணம் இல்லை, மாமாவுக்குப் புரியாவிட்டாலும்.

நீ ஏன் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஜூலையில் அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்து புதுப் பையன்கள் வருகிறார்கள். 20 சுற்று. உள்நாட்டில் ஒரு பெரிய அணி தன் கீழ்நிலை அணிகளில் எல்லாம் சேர்த்து 165 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, முன்பாவது 180 இருந்தது. புதிதாக ஒருவன் வந்தால் பழையவன் ஒருவன் போக வேண்டும். பதினேழாம் சுற்றில் வந்த உனக்கு அந்தப் பயம் இருக்காதா? இந்த நேரத்தில் வலி என்று சொன்னால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று நினைக்கிறாய். சொல்லாமல் இருந்தால் மட்டும் பந்து வேகமாகப் போகிறதா? வேகம் குறைவதை நான் இங்கே எடிசனில் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன், அவர்கள் பார்க்கமாட்டார்களா?

டாமி ஜான் என்ற பிட்சரைப் பற்றிப் படித்தேன். 1974-ல் இடது முழங்கையில் தசைநார் கிழிந்தது. டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருடைய வலது மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து அங்கே வைத்துத் தைத்தார். 1976-ல் திரும்பி வந்து அதற்குப் பிறகு 164 ஆட்டம் ஜெயித்தார். படிக்கத் தைரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆபரேஷன் செய்தால் ஒரு வருடத்துக்கு மேல் நீ ஆட்டத்தில் பந்தே போட முடியாது. முதலிலேயே சொன்னால் சில சமயம் ஓய்விலேயே சரியாகிவிடுமாம். காயம்பட்டவனை ஏழு நாளாவது ஆடவிடாமல் ஓய்வில் வைக்க ஏழு நாள் காயப் பட்டியல் என்று ஒன்று எதற்கு வைத்திருக்கிறார்கள்? அதில் பெயர் வந்தால் எனக்கு ஒரு அவமானமும் இல்லை. மாமா கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கோபப்படாதே. நீ உதறுவது வியர்வைக்காகவே இருக்கலாம். அப்படியென்றால் அணியில் காயம் பார்க்கும் டிரெய்னர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லட்டும்.

சொல்ல வேண்டியது வேறு என்னென்னவோ இருந்தது. பிரியாவுக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டது, அவளே விவரமாகச் சொல்வாள். கரூரில் பாட்டிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் ஆட்டம் டிவியில் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நேரம் கிடைத்தால் ஒரு போன் போடு.

திங்கட்கிழமை உங்களுக்கு ஆட்டம் கிடையாது. அதற்குள் டிரெய்னரைப் பார்த்துவிட்டு "பார்த்தேன்" என்று ஒரே வார்த்தை அனுப்பு. நான் திருப்பி ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். திங்கள் ராத்திரிவரை ஒன்றும் வரவில்லையென்றால் உன்னிடம் வர செவ்வாய்க்கிழமை டாலஸுக்கு டிக்கெட் எடுத்துவிடுவேன், அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா