ஒரு கல்லுக்கு மட்டும் சத்தமில்லை

மதுரை

அன்புள்ள சித்ரா,

நீ போனில் சொன்னபடி அப்பத்தாவின் ஏழு கல் வைரத் தோட்டை மதிப்புப் போடக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருக்கலாம். ஆனால் ஒரு வரியில் அடங்குகிற சங்கதி இல்லை இது.

முதலில் பேங்குக்குப் போனேன், அது என் அசட்டுத்தனம். நகைக் கடனுக்கு மதிப்பிடும் பத்தர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார், நிறுத்தார், கல்லுக்கென்று கொஞ்சம் எடையைக் கழித்தார், தங்கத்துக்கு மட்டும் விலை எழுதினார். "வைரத்தை நாங்க கணக்குல எடுக்கிறதில்லம்மா" என்றார். அப்புறம் தெற்காவணி மூல வீதியில் ஒரு கடை. பழைய கட்டிங், யாரும் கேட்கமாட்டார்கள், கொடுத்துவிட்டுப் புதுசு எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தார்கள். வாங்கப் போகிறவனே விலை சொன்னால் வேறு எப்படிச் சொல்வான்? தோட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாவதாகப் போன இடம்தான் சரி. கல்லைச் சோதிக்கிற லேப். அவர்கள் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை, சோதிக்கக் கட்டணம் மட்டும். அங்கிருந்த பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். "எதுக்காக மதிப்புப் போடணும்? இன்சூரன்ஸுக்கா, விக்கவா, பாகம் பிரிக்கவா?" என்று முதல் கேள்வி கேட்டாள். இதே மாதிரி ஒன்றை இன்றைக்கு வாங்க ஆகும் விலை வேறு, விற்றால் கைக்கு வருவது வேறாம். பாகத்துக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே பாகம் என்று எழுதிக்கொண்டாள்.

பத்து மடங்கு லென்ஸை என்னிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். நாற்பது வருஷமாகக் காதில் கிடந்த கல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கல்லின் நடுவிலும், கிணற்றுக்குள் தெரிகிற மாதிரி, ஒரு குட்டி வட்டம். அந்தக் காலத்தில் கையால் பட்டை தீட்டும்போது அடிமுனையைக் கூராக விடாமல் தட்டையாகத் தேய்த்துவிடுவார்களாம், அதுதான் மேலே வட்டமாகத் தெரிகிறது. பின்பக்கம் தங்கத்தால் மூடிய வேலை என்பதால் கல்லைக் கழற்றாமல் சரியான எடை வராது. கழற்ற வேண்டாம் என்றேன். அளவை வைத்து உத்தேசமாகக் கேரட் போட்டுக்கொண்டாள்.

அப்பத்தா இதை 'ப்ளூ ஜாகர்' என்று பெருமையாகச் சொல்வாரே, நினைவிருக்கிறதா? தென்னாப்பிரிக்காவில் யாகர்ஸ்ஃபான்டைன் என்று ஒரு சுரங்கம் இருந்தது. 995 கேரட் எக்ஸெல்சியர் வைரம் 1893ல் அங்கேதான் கிடைத்தது. 1971ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அங்கிருந்து வந்த நீலம் ஓடுகிற வெள்ளைக் கல்லுக்கு நம் ஊர் வாயில் ஜாகர் என்று பெயர் நின்றுவிட்டது. இது அந்தச் சுரங்கத்துக் கல்தானா என்று கேட்டேன். கல்லைப் பார்த்து ஊர் சொல்ல முடியாது, நீலம் இருக்கிறதா என்று மட்டும் சொல்லலாம் என்றாள். வேடிக்கை என்னவென்றால், அப்பத்தா எதற்காக அதிகம் கொடுத்து வாங்கினாரோ, அதே நீலத்தைக் காட்டித்தான் இன்றைக்கு நல்ல வெள்ளைக் கல்லுக்கும் விலையைக் குறைக்கிறார்களாம்.

விளக்கை அணைத்து, கறுப்புப் பெட்டிக்குள் தோட்டை வைத்துப் புற ஊதா ஒளி போட்டாள். பதினாலு கல்லில் பதினொன்று நீலமாக எரிந்தன. சில அடுப்பின் கேஸ் சுடர் மாதிரி, சில மங்கலாக. மூன்று இருட்டாக இருந்தன. பதறாதீர்கள், எல்லா வைரமும் இப்படி ஒளிராது என்று சொல்லிவிட்டு, பேனா மாதிரி ஒரு கருவியின் முனையால் அந்த மூன்றையும் தொட்டாள். வைரம் சூட்டைச் சட்டென்று கடத்துமாம், அப்போது கருவி கத்தும். இரண்டு கல்லுக்குக் கத்தியது. இடது தோட்டில், கீழே வலப்பக்கம் இருக்கிற கல்லுக்குச் சத்தமே இல்லை.

அது வைரமே இல்லை, அமெரிக்கன் டைமண்ட் என்கிற செயற்கைக் கல். லென்ஸில் மறுபடி பார்த்தேன், அதில் மட்டும் அந்த வட்டம் இல்லை.

அந்த வகைக் கல்லே 1976 வாக்கில்தான் கடைக்கு வந்ததாம், அதனால் வைரத்தை எடுத்துவிட்டு இதை மாற்றியது அதற்கு அப்புறம். எனக்குக் கல்யாணமாகித் தோடு கைக்கு வந்தது 1986ல். முதல் பத்து வருஷம் அப்பத்தா கணக்கு, மற்றதெல்லாம் என் கணக்கு. நீ பிறந்த வருஷம் ஒரு கல் ஆடுகிறதென்று முடுக்கக் கொடுத்து, மறுநாள் போய் வாங்கி வந்தேன். எந்தக் கல் என்று நினைவில்லை. எண்ணிப் பார்த்து வாங்கினேன், பதினாலும் இருந்தன. உன் அப்பாவிடம் சொன்னால், காலேஜ் பீஸ் கட்ட அவர் அம்மாவே ஒன்றை விற்றிருப்பார் என்கிறார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து உனக்கும் அண்ணனுக்கும் அனுப்புகிறேன். தோடு உனக்கு, அதற்கு ஈடாக அண்ணனுக்கு ரொக்கம் என்று பேசியிருந்தோம். இனி பதிமூன்று கல்லுக்குத்தான் கணக்கு. விற்றால் வருகிற விலையைத்தான் வைக்க வேண்டும் என்று அண்ணன் பெருந்தன்மையாகச் சொல்கிறான், அவன் பெண்டாட்டி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு இடத்தில் வைரம் வாங்கிப் பதிக்கலாமா, அப்படியே விடலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். பதிப்பதானால் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. தோட்டை லாக்கரில் வைக்கவில்லை, போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா